பல்கலைக்கழக இணையதளம் யார் பொறுப்பு?

ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரால் வெளியுலகத்தோடு பேசும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது, கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பதிவாளர், சிண்டிகேட், செனட் முதலிய அமைப்புகளின் வாயிலாக ஒருவாறு தீர்த்துவைக்கப்பட்ட விஷயம். முத்திரை எவர் வசம் இருக்க வேண்டும், பாடத்திட்டத்தை எந்தச் சபை அங்கீகரிக்க வேண்டும், பட்டச் சான்றிதழில் எவர் கையொப்பமிட வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் திட்டமான விதிகள் உண்டு. விதியை மீறினால் கேட்பாரும் உண்டு. ஆனால், சேர விரும்பும் மாணவரும், சான்றிதழைச் சரிபார்க்க நினைக்கும் வேலை தருவோரும், ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிப்போரும் இன்று முதன்முதலில் நாடிச் செல்லும் இடமாகிய அதிகாரபூர்வ இணையதளத்தைப் பொறுத்தவரை, அதை யார் உருவாக்குவது, யார் திருத்துவது, பிழை நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்ற வினாக்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல விடைகள் கூறப்பட்டிருந்தும், எதுவும் எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகத் தெரியவில்லை. அவ்விடைகளில் முக்கியமானவற்றை, அவை பிறந்த சூழலோடும் அவற்றுக்கு எழுந்த ஆட்சேபங்களோடும் சேர்த்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

கருவி செய்தவர்களின் காலம்

ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வலைச் சர்வர் நிறுவப்பட்டது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலிருந்த நேர்கோட்டு முடுக்கி ஆய்வகத்தில், 1991 டிசம்பரில். வலை பிறந்த ஜெனீவா ஆய்வகத்தில், அதை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயைச் சந்தித்துத் திரும்பிய பௌதிக விஞ்ஞானி பால் குன்ஸ் அதை நிறுவினார். ஆய்வக நூலகத்திலிருந்த 'ஸ்பையர்ஸ்' என்னும் ஆய்வுக்கட்டுரைப் பட்டியலைப் பிற நாட்டுப் பௌதிகர்களும் தத்தம் இடத்திலிருந்தே தேடிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நாட்டம். நூலகர் லூயிஸ் அடிஸ் அதற்கு உற்சாகத்தோடு துணை நின்றார். தேவையை உணர்ந்தவர்களே கருவியையும் செய்து, தகவலையும் தந்து, தாமே அதைப் பயன்படுத்தியும் வந்தபடியால், பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாதிருந்தது.

கேள்விக்கு இடம் ஏற்பட்டது, ஓர் ஆய்வகத்தின் தேவையைத் தாண்டி வளாகம் முழுவதற்குமான தகவல் அமைப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியபோது. அதே 1991-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 'கோஃபர்' என்ற அமைப்பு உருவாகிக்கொண்டிருந்த சமயம், எல்லாத் தகவலையும் ஒரே பெருங்கணிப்பொறியில் குவித்துக் குழுவொன்றின் மேற்பார்வையில் வைப்பதா, அல்லது ஒவ்வொரு துறையும் தன் தகவலைத் தன் சிறு கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்ள, பொதுப் பட்டியலொன்றால் அவற்றைக் கோத்துவிடுவதா என்ற விவாதம் அங்கே நடந்தது. கோஃபர் இரண்டாவது வழியைப் பின்பற்றியது. 1993-இல் அதன் சர்வர் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் உண்டு என்று அப்பல்கலைக்கழகம் அறிவித்ததும், அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஜெனீவா ஆய்வகம் வலையின் மென்பொருளை உலகத்துக்கே பொதுவாக்கியதும் சேர்ந்து, பல்கலைக்கழகங்களை வலையின் பக்கம் திருப்பின. கோஃபர் மறைந்தது, அதைச் செய்தபோது எழுந்த விவாதம் மட்டும் பெயர்களை மாற்றிக்கொண்டு இன்றுவரை நடக்கிறது.

இக்காலத்தின் இயல்பை விளக்குவதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நிகழ்ந்ததைவிட நல்ல உதாரணம் அகப்படுவது அரிது. அங்கே மாணவர்களின் கணிப்பொறிச் சங்கம் ஒன்று, நிர்வாகம் விழித்துக்கொள்வதற்கு முன்பே, மூன்று டபிள்யூக்களோடு தொடங்கும் முகவரியில் தன் சர்வரை நிறுவிவிட்டது. பின்னர் நிறுவனம் தனக்கென்று அதிகாரபூர்வத் தளம் அமைக்க முற்பட்டபோது அந்த முகவரி கைவசம் இல்லாமையால், 'வெப்' என்ற சொல்லோடு தொடங்கும் வேறு முகவரியை ஏற்க நேர்ந்தது. உலகப் பிரசித்தி பெற்ற ஸ்தாபனம் ஒன்று தன் பெயர்ப் பலகையை மாட்டுவதற்குத் தன் மாணவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், கருவியை அறிந்தவனே உரியவன் என்ற கொள்கையின் இயல்பான பலன் அதுவே.

இக்கொள்கைக்குரிய ஆட்சேபம் வெளிப்படையானது. இயந்திரத்தை அறிந்தவர் உள்ளடக்கத்தையும் அறிந்தவர் என்பதற்குப் பிரமாணம் இல்லை. அன்றியும், ஆர்வத்தால் செய்தவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டால், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. நம் நாட்டுக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் 'புராஜெக்ட்'டாகப் பிறந்து, அவர்கள் வெளியேறிய மறு ஆண்டே அநாதையான தளங்களின் கதியும் இதுவே.

முகப்பைப் பற்றிய போர்

1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான 'மொசைக்' உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மாத்திரத்தில், இதுகாறும் கணிப்பொறி மையத்தின் தனிச் சொத்தாயிருந்த தளத்தின்மேல் மக்கள் தொடர்பு அலுவலகத்தின் பார்வை விழுந்தது. தகவல் அறிக்கையும் வண்ணக் கையேடும் அச்சிடுவது எங்கள் கடமை. தளமும் ஒரு கையேடே. ஆகவே அது எங்களுக்குரியது என்பது இக்கட்சியாரின் வாதம்.

இவ்வாதத்தை ஏளனம் செய்வது சுலபம். ஏளனம் செய்தவர்களும் உண்டு. 2010-இல் அமெரிக்கச் சித்திரக்காரர் ராண்டல் மன்றோ தம் தொடரில் வெட்டிக்கொள்ளும் இரு வட்டங்களை வரைந்தார். முகப்புப் பக்கத்தில் இருப்பவை ஒரு வட்டத்தில்: வளாகப் புகைப்படங்கள், தலைவரின் கடிதம், பத்திரிகைக் குறிப்புகள். மக்கள் தேடி வருபவை மற்றொன்றில்: விண்ணப்பப் படிவம், கல்வியாண்டு அட்டவணை, ஆசிரியர்களின் தொலைபேசி எண்கள், உபயோகமான வரைபடம். இரு வட்டங்களுக்கும் பொதுவாக இருந்தது பள்ளியின் முழுப் பெயர் ஒன்றே. இந்தியத் தளங்களைக் கண்டவர்கள் முதல் வட்டத்தில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கக்கூடும்: துணைவேந்தர் பொன்னாடை ஏற்கும் காட்சி, மேலே இடைவிடாது ஓடும் எழுத்து வரிசை, மூன்றாண்டுக்கு முந்தைய அறிவிப்பின் அருகே இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கும் 'புதியது' என்ற சிறு சிவப்புச் சின்னம்.

எனினும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நன்கொடையையும் மாணவரையும் ஈர்க்க வேண்டிய நிர்ப்பந்தம் பொய்யன்று. தெளிவான மொழியில் எழுதப் பழகியவர்கள் வளாகத்தில் பெரும்பாலும் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய குறை வேறு: வெளியாரை நோக்கியே பேசிப் பழகியவர்களுக்கு, மறுதேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியைத் தேடி வரும் இரண்டாமாண்டு மாணவர் கண்ணில் படுவதில்லை. தரவரிசைகள் இக்குறையை வளர்த்தன என்று கருதவும் இடமுண்டு. ஸ்பெயின் நாட்டு ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த குழுவொன்று 2004-இல் வெளியிடத் தொடங்கிய 'வெபோமெட்ரிக்ஸ்' வரிசை, ஆரம்ப காலத்தில் பக்கங்களின் தொகையையும் கோப்புகளின் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. தொகையை மதிக்கும் அளவுகோல், தொகையைப் பெருக்கும் ஆசையைத் தூண்டுவது இயல்பே.

துறைகளின் சுயாட்சி

மூன்றாவது கட்சி, அறிந்தவரே எழுத வேண்டும் என்பது. வேதியியல் துறையின் பாடத்திட்டம் வேதியியல் துறைக்குத்தான் தெரியும். மையத்திலிருந்து எழுதுபவர் பிரதி எடுப்பவரே ஆவார். ஆசிரியரும் மாணவரும் அலைக்குறியிட்ட தனி முகவரியில் தம் பக்கங்களைத் தாமே வைத்துக்கொள்ளும் வழக்கம் இச்சுதந்திரத்திலிருந்து பிறந்தது. 'யாகூ' என்று பின்னர் பெயர் பெற்ற பட்டியலும் 'கூகுள்' தேடுபொறியும் ஸ்டான்ஃபோர்டு முகவரியின் கீழேயே முதலில் இயங்கின என்பதை இக்கட்சியார் நினைவூட்டுவதுண்டு. மையக் குழுவின் அனுமதியை எதிர்நோக்கி இருந்தால் அவை என்னவாகியிருக்கும் என்று அவர்கள் கேட்பது வலுவான கேள்வி.

ஆட்சேபத்தின் வேரை மெல்வின் கான்வே 1968-இலேயே, வலைக்கு வெகுகாலம் முன், எழுதிவிட்டார்: ஓர் ஸ்தாபனம் வகுக்கும் எந்த அமைப்பும் அந்த ஸ்தாபனத்தின் உள்தொடர்புகளையே பிரதிபலிக்கும் என்பது அவர் கருத்து. துறைவாரியாக எழுதப்பட்ட தளம் நிர்வாக வரைபடத்தின் நகலாகிறது. விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று அறிய விரும்புபவர், விடுதி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது, கட்டணத்தை வசூலிப்பது எந்தப் பிரிவு என்பவற்றை முதலில் அறிந்திருக்க வேண்டியவராகிறார். இரண்டாவது ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. கருத்தரங்கு ஒன்றுக்காகத் தோற்றுவிக்கப்பட்டு, கருத்தரங்கு முடிந்ததும் மறக்கப்பட்ட கிளைத் தளங்களில், பல்கலைக்கழக முகவரியின் மதிப்பைத் திருட விரும்புவோர் நுழைந்து சூதாட்ட விளம்பரங்களைப் பதித்துவிடுவது உலகெங்கும் கண்ட அனுபவம். துறைத் தலைவருக்கு அது தெரிவது, தேடுபொறி காட்டிக்கொடுத்த பிறகுதான்.

மென்பொருள் செய்துவைத்த சமாதானம்

மையத்துக்கும் துறைகளுக்கும் இடையிலான வழக்கை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் தீர்த்துவிடும் என்று 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் பலர் நம்பினர். ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராயிருந்த டிரீஸ் பைட்டார்ட் விடுதித் தோழர்களுக்காக எழுதிய செய்திப் பலகையிலிருந்து வளர்ந்து 2001-இல் வெளிவந்த 'துருபல்', 2003-இல் வந்த 'வேர்ட்பிரஸ்' ஆகியவை பல்கலைக்கழகங்களில் பரவின. வடிவம் மையத்தினுடையது, வாசகம் துறையினுடையது, வெளியிடும் அனுமதி இருவருக்கும் இடையிலுள்ள ஒருவருடையது என்ற பிரிவினை, காகிதத்தில் குறை காண முடியாத ஏற்பாடு.

நடைமுறையில் இரண்டு சங்கடங்கள் தோன்றின. நூறு பேருக்கு எழுதும் அனுமதி கொடுத்தால் நூறு ஆசிரியர்கள் கிடைத்துவிடுவதில்லை. பயிற்சி பெற்ற எழுத்தர் இடமாற்றம் பெற்றதும் அத்துறையின் பக்கம் அன்றைய தேதியில் உறைந்துவிடுகிறது. அடுத்தது, மென்பொருளுக்கே ஆயுள் உண்டு என்பது. துருபலின் ஏழாம் பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது; அடுத்த பதிப்பு 2015-இல் வந்தபோது அதன் உள்ளமைப்பு பெரிதும் மாறியிருந்தமையால், மாறுவது என்பது ஏறக்குறையத் தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்குச் சமமாயிற்று. மாறாதவர்கள் ஏராளமாக இருந்தபடியால் பழைய பதிப்புக்கான ஆதரவுக் கெடு பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்றுதான் முடிந்தது. தளம் கட்ட ஒருமுறை பணம் ஒதுக்கிவிட்டு, காரியம் முடிந்தது என்று கோப்பை மூடிய நிர்வாகங்களுக்கு இந்தப் பதினான்கு ஆண்டுச் சரித்திரம் நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்பது வேறு விஷயம்.

சட்டம் நுழைந்த வழி

இந்தியாவில் இவ்விவாதத்தின் போக்கை மாற்றியது வளாகத்துக்குள்ளிருந்து எழுந்த எந்தக் கட்சியும் அன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் நான்காம் பிரிவு, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் அலுவலர் பட்டியல், ஊதியம், முடிவெடுக்கும் முறை உள்ளிட்ட 17 வகைத் தகவல்களை, கேட்பாருக்காகக் காத்திராமல் 120 நாட்களுக்குள் தானே வெளியிட வேண்டும் என்றும், அவற்றைப் பரப்பும் வழிகளில் இணையமும் ஒன்று என்றும் விதித்தது. தொழில்நுட்பக் கல்விக் குழு 'கட்டாய வெளிப்படுத்தல்' என்ற பெயரில் கல்லூரிகளிடம் இதையொத்ததைக் கேட்டது. தரமதிப்பீட்டுக் குழு, தன்னாய்வு அறிக்கையையும் அதன் ஆதாரங்களையும் நிறுவனத் தளத்தில் ஏற்றச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல், தளங்களில் குறைந்தபட்சம் இருக்க வேண்டியவற்றை வகுத்தது. கணிப்பொறி மையத்தின் சொத்தாகவும், பின்னர் விளம்பரக் கையேடாகவும் இருந்த தளம், இவ்வாறாகப் பதிவாளரின் கோப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

இதன் நன்மை கணிசமானது: பொறுப்பாளர் என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று. தீமையை அறிய, ஒரு சாதாரணச் சுற்றறிக்கையின் பிரயாணத்தைப் பின்தொடர்ந்தாலே போதும். எழுத்தர் அதைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்கிறார், அச்சாகி மேசைக்குச் செல்கிறது, பதிவாளர் பச்சை மையில் ஒப்பமிடுகிறார், முத்திரை விழுகிறது, பிறகு அந்தத் தாள் ஸ்கேனரில் சற்றே கோணலாக வைக்கப்பட்டு, பி.டி.எஃப். கோப்பாகி, 'ஸ்கேன்' என்ற சொல்லும் நீண்ட எண்ணுமாக ஒரு பெயரோடு தளத்தில் ஏறுகிறது. தொடக்கத்தில் எழுத்தாக இருந்தது முடிவில் படமாகிவிட்டது. தேடினால் அகப்படாது, கைபேசியில் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும், பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதன்முன் ஊமையாகிவிடும். சட்டம் கேட்டது வெளியீடு, வெளியீடு நடந்துவிட்டது.

ஊனமுற்றோருக்கும் எட்டும்படி பக்கங்களை அமைப்பதற்கான சர்வதேச நெறிகள் 1999-இலேயே முதலில் வெளிவந்து, 2008-இலும் பின்னரும் திருத்தம் பெற்றன. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புகளாக வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. இவற்றின் உத்தேசத்தை எதிர்ப்பவர் எவருமில்லை. செலவை யார் ஏற்பது என்பதில்தான் வாதம், அதன் கூர்மையான வடிவம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வெளிப்பட்டது. அப்பல்கலைக்கழகம் இலவசமாகப் பொதுமக்களுக்கு வழங்கிய விரிவுரைப் பதிவுகளில் வசன வரிகள் இல்லை அல்லது பிழைபட்டுள்ளன என்று 2014-இல் காதுகேளாதோர் சார்பில் முறையீடு எழுந்தது. 2016-இல் அமெரிக்க நீதித்துறை அம்முறையீட்டில் நியாயம் இருப்பதாகக் கூறிற்று. 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கியது. எல்லோருக்கும் கிடைக்காதது எவருக்கும் வேண்டாம் என்றாகிவிட்டதே என்று ஒரு சாரார் வருந்தினர். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டுப் பழியைச் சட்டத்தின்மேல் போடுவதா என்று மறுசாரார் கேட்டனர். 2022-இல் நீதித்துறையோடு ஏற்பட்ட உடன்பாடு வழக்கை முடித்ததே தவிர, பழைய உள்ளடக்கத்தின் கடன் யார் தலையில் விழும் என்ற வினாவை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விட்டுச்சென்றது. என் அபிப்பிராயத்தில் இரண்டாவது சாராரின் வாதமே பலமுள்ளது. ஆனால் பணமில்லாத சிறு கல்லூரிக்கும் அதையே சொல்லத் துணிவேனா என்பது ஐயமே.

இரு மொழித் தளங்கள்

தமிழ்ப் பக்கங்களின் சரித்திரம் தனியே ஆராயத் தக்கது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்த காலத்தில், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு எழுத்துருக் குறியீட்டிலும் விசைப்பலகையிலும் ஓர் ஒழுங்கை முன்வைத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடையில் எழுதப்பட்டு மாற்றப்படாது விடப்பட்ட பக்கங்கள் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தெரிகின்றன. தளத்தையே வளாகமாகக் கொண்டு 2001-இல் தமிழக அரசால் தொடங்கப்பட்டு, பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறிய ஸ்தாபனம் ஒரு விதிவிலக்கு. பிற பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கத்தின் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் தேதி மாறிய செய்தி தமிழை எட்டுவதற்குள் தேதியே கடந்துவிடுகிறது. வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழிப் பக்கங்கள் சட்டப்படியான தர நிர்ணயங்களுக்கு உட்பட்டவை. அத்தகைய நிர்ப்பந்தம் இல்லாத இடங்களில் இரண்டாம் மொழி நல்லெண்ணத்தை நம்பியே வாழ வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு என்னும் தீராத கணக்கு

இதுவரை கண்ட கட்சிகள் எல்லாம் தளத்தை யார் உருவாக்குவது என்பதைப் பற்றியே பெரிதும் வாதிட்டன என்பதும், உருவாக்கியதை யார் காப்பது என்பதைப் போகிற போக்கில் தொட்டுச் சென்றன என்பதும் கவனிக்கத்தக்கவை. 1998-இலேயே பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறக் கூடாது என்று வற்புறுத்தினார். நிகழ்ந்தது வேறு. 2013-இல் இருந்த வலைப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் தெரிவித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ஆதாரமாகக் காட்டப்பட்ட முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, காட்டிய தகவலைத் தரவில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே கண்டிருந்தனர். பல்கலைக்கழகங்களில் இந்த அழிவுக்குப் பெருங்காரணம் விபத்தன்று, புதுப்பித்தல். புதிய துணைவேந்தர், புதிய டெண்டர், புதிய வடிவம். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் வேலை டெண்டரின் நிபந்தனைகளில் இடம்பெறாமையால், ஒரே இரவில் ஆயிரக்கணக்கான சுட்டிகள் 'பக்கம் இல்லை' என்னும் 404 என்ற பிழை எண்ணில் போய் முட்டுகின்றன.

நம் அலுவலகங்களில் 'ஏ.எம்.சி.' என்று வழங்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இதற்குப் பரிகாரமாகாது. அது சர்வர் இயங்குவதைக் காக்கும், பக்கம் உண்மை சொல்வதைக் காக்காது. அரசு வழிகாட்டி இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது: தளத்துக்கென ஒரு தகவல் மேலாளர் வேண்டும்; உள்ளடக்கத்தை யார் தருவது, யார் ஒப்புவது, எப்போது மறுபரிசீலனை செய்வது, எப்போது ஆவணக் காப்பில் சேர்ப்பது என்பவற்றுக்கு எழுத்துபூர்வமான கொள்கைகள் வேண்டும் என்கிறது. ஆயினும் பல இடங்களில் அந்த மேலாளர், கற்பிக்கும் கடமையோடு இதையும் சுமக்கும் உதவிப் பேராசிரியராகவோ, ஒப்பந்தத்தில் அமர்ந்த புரோகிராமராகவோ இருக்கிறார். தவறான பக்கத்தை நீக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, நீக்காவிட்டால் வரும் வசவு மட்டும் உண்டு. செய்தி எந்த அலுவலகத்துக்குச் சொந்தமோ அந்த அலுவலகத் தலைவரின் பெயரும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் பக்கத்தின் அடியிலேயே நிற்க வேண்டும். கெடு கடந்த பக்கத்தை எவரையும் கேளாமல் இறக்கிவைக்கும் உரிமை பதிவாளரின் கீழுள்ள ஆசிரியர் ஒருவருக்கு வேண்டும். மேற்கண்ட கட்சிகளின் நல்லம்சங்களைச் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏற்பாடே உசிதமாகத் தோன்றுகிறது. பெருமளவில் இது எங்கும் நீண்டகாலம் சோதிக்கப்பட்டிருப்பதாக நான் அறியேன்; ஆகவே இதைத் துணிபாகக் கூறாமல் கருத்தாகவே வைக்கிறேன்.

தீராது நிற்பவை

அதிகாரபூர்வமானது என்பதன் எல்லையே இன்னும் தெளிவாகவில்லை. அமெரிக்காவில் 'எஜு' முகவரி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே உரியது. இந்தியாவில் 'ஏசி டாட் இன்' முகவரியை எர்னெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு வழங்குகிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு ஆண்டுதோறும் வெளியிட வேண்டியிருக்கும் நாட்டில் இந்த வேலி அத்தியாவசியமானது. ஆனால் சேர்க்கைக்கு ஒரு தளம், கட்டணத்துக்கு ஒரு தளம், முடிவுகளுக்கு மற்றொன்று என்று வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் முகவரிகளில் காரியங்கள் நடக்கும்போது, வேலிக்கு வெளியே நடப்பதும் பல்கலைக்கழகத்தின் வாக்குத்தானா என்பதைச் சாதாரண மாணவர் எப்படி அறிவார்? அச்சிட்ட விதிமுறைக்கும் தளத்திலுள்ள விதிமுறைக்கும் முரண் ஏற்பட்டால் எது செல்லும் என்பதும் அத்தகையதே. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. கையொப்பமில்லாமல் நாள்தோறும் மாறும் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிகளில் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவற்றோடு அண்மையில் இன்னொன்று சேர்ந்துள்ளது. தளத்துக்கு வராமலே, உரையாடும் இயந்திரம் ஒன்றிடம் கேட்டு விடை பெற்றுச் செல்லும் மாணவர்கள் பெருகிவருகிறார்கள். அந்த இயந்திரம் படித்தது இவ்வாண்டுக் கட்டணப் பக்கமா, எவரும் நீக்காமல் விட்ட நான்காண்டுக்கு முந்தைய பி.டி.எஃப். கோப்பா என்பது கேட்பவருக்குத் தெரியாது, பதிவாளருக்கும் தெரியாது. பழைய பக்கத்தை ஆவணமாகக் காக்க வேண்டும் என்பதும், அது இன்றைய செய்தியாக வாசிக்கப்படாதிருக்க வேண்டும் என்பதும் ஒருங்கே நிறைவேறுவதற்கு, தேதியும் தகுதியும் இயந்திரத்துக்கும் புரியும்படி ஒவ்வொரு பக்கத்திலும் பொறிக்கப்பட வேண்டியிருக்கும். அந்த வேலையைக் கணிப்பொறி மையம் செய்வதா, துறைகள் செய்வதா, பதிவாளர் அலுவலகம் செய்வதா என்பது இன்னும் எந்த ஆட்சிக் குழுவின் நிகழ்ச்சி நிரலிலும் பரவலாக இடம்பெற்றதாகத் தெரியவில்லை.